கோரிமேட்டிலிருந்து ஊசுட்டேரிக்கு: சைக்கிளில் ஒரு பகல், கம்ப்யூட்டரில் ஒரு மாலை

இத்தாலியில் கார்தா என்ற பெரிய ஏரியிலிருந்து புறப்படும் மின்சியோ ஆற்றின் கரையில் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை உண்டு. பெஸ்கியேரா என்ற ஊரில் தொடங்கி மாந்தோவா நகரில் முடியும் இந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வழியில் போர்கெத்தோ என்ற சிற்றூரில் தண்ணீரால் சுழலும் பழைய மாவு ஆலைகள் நிற்கின்றன. கடைசிப் பகுதியில் நாணல் மண்டிய சதுப்பு நிலங்களும் ஏரிகளும் வருகின்றன. மாந்தோவாவின் ஏரியில் பூத்துக் கிடக்கும் தாமரை ஆசியாவிலிருந்து போனது. ஆறு, பழைய ஆலை, நீர்நிலை, கோயில் உள்ள சிறிய ஊர்கள் என எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பதால் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

இந்த நான்கும் புதுச்சேரியிலும் உள்ளன. கோரிமேட்டிலிருந்து சைக்கிளை எடுத்தால் ஊசுட்டேரி, சங்கராபரணி ஆறு, வில்லியனூர், அரிக்கமேடு, மூடப்பட்ட பஞ்சாலைகள் என்று சுற்றி மாலைக்குள் வீடு திரும்பலாம். மொத்தம் 40 முதல் 50 கிலோமீட்டருக்குள் வரும். இல்லாதது ஒன்றுதான். மின்சியோ பாதைக்குக் கடையில் வரைபடம் விற்கிறார்கள். நமக்கு அப்படி எதுவும் கிடையாது. அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் நாமே தயாரித்துக் கொள்ள வேண்டும். அதற்குத் தேவையான எல்லா புரோகிராம்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. எப்படி என்று பார்க்கலாம்.

கூகுள் மேப் மட்டும் போதாதா?

போதாது. கூகுள் மேப்பில் இந்தியாவுக்கென 2017 டிசம்பரில் வந்த இருசக்கர வாகன வசதி மோட்டார் சைக்கிளை நினைத்து உருவாக்கப்பட்டது. வேகமாகப் போய்ச் சேரும் வழியை அது தேடும். சைக்கிளில் போகிறவருக்கு வேண்டியது லாரி குறைந்த சாலை, நிழல், மேடு பள்ளம் பற்றிய விவரம் ஆகியவை. ஏரிக்கரை வழியாகவோ வாய்க்கால் ஓரமாகவோ போகும் பாதை பெரும்பாலும் அதில் வராது.

எனவே இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்திடலாம். வானிலிருந்து ஊரைப் பார்க்க கூகுள் எர்த் புரோ, பாதையை அமைக்க ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். முன்னது 2015 ஜனவரி முதல் இலவசம். பின்னது 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிபீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம் இது.

முதல் படி: மேட்டையும் பள்ளத்தையும் அறிதல்

கூகுள் எர்த் புரோவை இறக்கி இன்ஸ்டால் செய்திடுங்கள். இடது மேல் மூலையில் உள்ள தேடல் கட்டத்தில் கோரிமேடு, புதுச்சேரி என்று டைப் செய்து என்டர் தட்டவும். ஜிப்மர் மருத்துவமனை வளாகம் பெரிய பச்சைப் பரப்பாகத் தெரியும். அதை அடையாளமாக வைத்துக் கொள்ளுங்கள்.

இப்போது கண்ட்ரோல், ஷிப்ட், டி ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தவும். பாத் வரைவதற்கான விண்டோ திறக்கும். பெயர் ஒன்று கொடுத்துவிட்டு, விண்டோவை மூடாமல், மவுஸால் சாலையின் மேல் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து கொண்டே வாருங்கள். கோரிமேட்டிலிருந்து தன்வந்திரி நகர், கதிர்காமம் வழியாக வழுதாவூர் சாலையைப் பிடித்து மேற்கே சென்றால் ஊசுடு வரும். வரைந்து முடித்து ஓகே கொடுக்கவும். இடது பக்கப் பட்டியலில் அந்தப் பாதையின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, ஷோ எலிவேஷன் புரொபைல் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். திரையின் அடியில் பாதையின் ஏற்ற இறக்கம் ஒரு கோட்டுப் படமாக வரும்.

கோரிமேடு செம்மண் மேட்டில் இருக்கும் ஊர். ஏரியும் ஆறும் தாழ்ந்த இடங்கள். ஆகவே காலையில் போகும்போது இறக்கம். களைத்துப் போய்த் திரும்பும் மாலையில் ஏற்றம். வித்தியாசம் சில பத்து மீட்டர்கள்தான் என்றாலும், கியர் இல்லாத சைக்கிளில் 40 கிலோமீட்டர் மிதித்தபின் அது நன்றாகவே தெரியும். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் வில்லியனூரோடு முடித்துக் கொள்வது நல்லது. இந்த முடிவை வீட்டிலேயே எடுத்துவிட முடிவதுதான் கோட்டுப் படத்தின் பயன்.

இரண்டாவது படி: ஏரியில் தண்ணீர் இருக்கிறதா?

ஊசுட்டேரிதான் புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய ஏரி. அதன் நடுவே மாநில எல்லை போகிறது. ஒரு பகுதி புதுச்சேரியிலும், மறு பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் உள்ளன. புதுச்சேரிப் பக்கத்தில் 390 ஹெக்டேர் 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கமும் பின்னர் சரணாலயமானது. மழைநீரோடு, சங்கராபரணி ஆற்றில் சுத்துக்கேணி அருகே தடுக்கப்படும் நீரும் ஒரு வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வருகிறது.

கூகுள் எர்த்தில் நீங்கள் பார்க்கும் படம் சில மாதங்கள் அல்லது சில வருடங்கள் பழையதாக இருக்கலாம். இன்றைய நிலையை அறிய ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக் கோள்கள் உதவும். இவை ஒரே இடத்தை ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு முறை படம் எடுக்கின்றன. கோபர்நிகஸ் பிரவுசர் என்று தேடினால் வரும் தளத்தில் ஊசுட்டேரியைத் தேடி, காலண்டரில் மேகம் குறைந்த தேதி ஒன்றைக் கிளிக் செய்திடுங்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் பத்து மீட்டர் என்பதால் வீடுகள் தெளிவாகத் தெரியாது. தண்ணீர் எது, காய்ந்த தரை எது, ஆகாயத் தாமரை மூடிய பகுதி எது என்பது போதுமான அளவு தெரியும். மே மாதப் படத்தையும் டிசம்பர் மாதப் படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே ஏரியா என்று கேட்கத் தோன்றும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது சிறந்தது. வலசை வரும் வாத்துகளும், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா போன்றவையும் அப்போது கண்ணில் படும். பறவைப் பெயர் தெரியாதவர்கள் மெர்லின் என்ற இலவச அப்ளிகேஷனை போனில் இறக்கி, இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பையும் வீட்டு வைபையிலேயே இறக்கிக் கொள்ளலாம். பார்த்த பறவைகளை இபேர்ட் தளத்தில் பதிவு செய்தால் அது உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் சார்ந்த இந்தத் தளம் 2002 முதல் இயங்குகிறது. சரணாலயம் என்பதால் சாலையிலிருந்தும் அனுமதித்த இடங்களிலிருந்தும் மட்டும் பாருங்கள். கூடுகளின் இருப்பிடத்தைப் படத்தோடு வெளியிட வேண்டாம்.

மூன்றாவது படி: பாதையை பைலாக்குதல்

பி என்ற ஆங்கில எழுத்தோடு ரவுட்டர் என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால் சைக்கிள் பாதை அமைத்துத் தரும் தளம் ஒன்று கிடைக்கும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தகவலை வைத்து இது வேலை செய்கிறது. வாகன வகையில் டிரெக்கிங் என்பதைத் தேர்வு செய்திடவும். பின்னர் கீழ்க்கண்ட இடங்களில் வரிசையாகக் கிளிக் செய்திடவும்.

1. கோரிமேடு. புறப்படும் இடம்.

2. ஊசுடு. ஏரியைப் பார்க்க வேண்டிய இடம். வெயில் ஏறுவதற்கு முன் இங்கே இருக்க வேண்டும்.

3. பத்துக்கண்ணு. இங்கிருந்து தெற்கே திரும்பி கூடப்பாக்கம் வழியாகப் போக வேண்டும்.

4. வில்லியனூர். திருக்காமீஸ்வரர் கோயிலின் தேரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கவர்னரே வடம் பிடித்து இழுத்துத் தொடங்கி வைப்பார். இன்றும் துணைநிலை ஆளுநர் தொடங்கி வைக்கும் வழக்கம் தொடர்கிறது. 1877-ல் எழுந்த லூர்து மாதா ஆலயமும், அதன் எதிரே உள்ள குளமும் இதே ஊரில்தான்.

5. திருக்காஞ்சி. சங்கராபரணிக் கரையில் கங்கை வராக நதீஸ்வரர் கோயில். ஆற்றை அருகில் உட்கார்ந்து பார்க்க நல்ல இடம். செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் இந்த ஆற்றுக்கு செஞ்சி ஆறு, வராக நதி என்றும் பெயர்.

6. வில்லியனூர் திரும்பி ஒதியம்பட்டு, கொம்பாக்கம் வழியாக முருங்கப்பாக்கம். பரபரப்பான விழுப்புரம் சாலையைத் தவிர்க்க இந்த வழி உதவும்.

7. அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ள மேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்து, ரோமானிய நாட்டுப் பானைகளும் மதுச் சாடிகளும் கிடைத்ததை உலகுக்கு அறிவித்தார். ஆக, இத்தாலிக்கும் இந்த ஆற்றங்கரைக்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழக்கம்.

8. கடலூர் சாலையில் முதலியார்பேட்டை, ஏஎப்டி ஆலை, பின் மறைமலை அடிகள் சாலையில் சுதேசி ஆலை, அங்கிருந்து கோரிமேடு.

பாதை முழுமையானதும் எக்ஸ்போர்ட் என்பதைக் கிளிக் செய்து ஜிபிஎக்ஸ் பார்மட்டில் சேவ் செய்திடவும். இது 2002-ல் உருவான எளிய பார்மட். நோட்பேடில் திறந்து பார்த்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று வரிசையாக எண்கள் இருக்கும். பல வரைபட அப்ளிகேஷன்களில் திறக்கும் என்பதால் நண்பர்களுக்கு மெயிலில் அனுப்பலாம்.

போனில் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்அண்ட் என்ற அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்து, ஜிபிஎக்ஸ் பைலைத் திறந்து கொள்ளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள். நம் பாதை புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே உள்ள எல்லையை ஒட்டியே போகிறது. இரண்டுக்கும் தனித்தனி வரைபட பைல்கள் இருந்தால் இரண்டையும் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் வெற்று வெள்ளையாகக் காட்டும். ஜிபிஎஸ் இயங்க இண்டர்நெட் தேவையில்லை. வரைபடத்தை முன்பே இறக்கிவிட்டால் டேட்டாவை அணைத்து வைக்கலாம். பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும்.

நான்காவது படி: ஆலைகளைப் பதிவு செய்தல்

போர்கெத்தோவின் மாவு ஆலைகளை இன்று சுற்றுலாவுக்காகப் பாதுகாக்கிறார்கள். புதுச்சேரியின் ஆலைகள் வேறு வகையானவை. நீலம் தோய்த்த துணி நெய்து பிரெஞ்சு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய ஊர் இது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் பகுதியில் அந்தத் துணி பணத்தைப் போலவே கைமாறியது. பின்னர் சவானா, ரோடியர், கெப்ளே என்று பெரிய பஞ்சாலைகள் வந்தன. நாம் இன்று சுதேசி, ஏஎப்டி, பாரதி என்று அழைப்பவை இவைதான். ஏஎப்டி என்ற ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 1898-ல் தொடங்கியது.

1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் போராடிய தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே எட்டு மணி நேர வேலை உரிமை இங்கே கிடைத்தது. இந்தப் போராட்டத்தின் தலைவர் வ.சுப்பையா. 2011 டிசம்பர் 30 அன்று தாக்கிய தானே புயலில் ஏஎப்டி ஆலை பெரிதும் சேதமடைந்தது. மெல்ல உற்பத்தி நின்று, 2020-ல் ஆலை முறைப்படி மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன.

கூகுள் எர்த் புரோவில் மேலே உள்ள டூல் பாரில் கடிகாரம் போன்ற ஐகானைக் கிளிக் செய்திடுங்கள். ஒரு காலக் கோடு வரும். அதன் நழுவுப் பட்டையை இடது பக்கம் இழுத்தால் ஏஎப்டி வளாகத்தின் 2000-களின் படங்களைப் பார்க்கலாம். கூரைகள், உள் சாலைகள், மரங்கள் எல்லாம் எப்படி மாறின என்பது வருடம் வருடமாகத் தெரியும். வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். வெளியிலிருந்து தெரியும் வாயில், மதில், புகைபோக்கி இவற்றை போனில் படம் எடுங்கள். கேமரா செட்டிங்கில் லொகேஷன் என்பதை ஆன் செய்திருந்தால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகும். விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் அப்லோட் செய்தால், கட்டடம் நாளை இல்லாமல் போனாலும் படமும் இடமும் தேதியும் நிற்கும். வீட்டில் ஆலையில் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், எந்த வாயில் எந்த ஷிப்டுக்கு என்பதை அவரிடம் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அதை எந்தச் செயற்கைக் கோளும் சொல்லாது.

ஐந்தாவது படி: திரும்பி வந்தபின் செய்ய வேண்டியது

பெரும்பாலானோர் இதோடு நிறுத்தி விடுவார்கள். இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தொடர்ந்து வீடூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து சங்கராபரணியில் வெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் எங்கே போகும் என்பதை வாய்க்கால்கள்தான் தீர்மானிக்கின்றன. ஆற்றிலிருந்து ஏரிக்கு வரும் வாய்க்கால், ஏரியிலிருந்து வெளியேறும் வாய்க்கால், ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போகும் ஓடை என்று வழி நெடுக நூற்றுக்கணக்கில் உள்ளன. வழியில் நீங்கள் கடக்கும் வாய்க்கால்களில் எத்தனைக்கு வரைபடத்தில் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சிலவற்றுக்குக் கோடே இருக்காது. வரைபடத்தில் இல்லாத வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டால் யாருக்கும் தெரியாது. ஊர்க்காரருக்குத் தெரியும், அவர் சொல்வதற்குச் சான்று இருக்காது.

இதை மாற்றுவது கடினமான வேலை அல்ல. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தளத்தில் இலவசமாக அக்கவுண்ட் தொடங்கி லாக் இன் செய்திடவும். மேலே உள்ள எடிட் பட்டனைக் கிளிக் செய்தால் செயற்கைக் கோள் படத்தின் மேல் வரையும் வசதி பிரவுசரிலேயே திறக்கும். லைன் என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் நேரில் பார்த்த வாய்க்காலை, தண்ணீர் ஓடும் திசையிலேயே வரையவும். இடது பக்கத்தில் அதன் வகையைக் குறிப்பிடவும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்து, ஊர் மக்கள் சொல்லும் பெயரைத் தமிழிலேயே எழுதவும். சாலையாக இருந்தால் சர்பேஸ் என்ற இடத்தில் தார், சிமெண்ட், மண் எது என்பதைக் குறிப்பிடலாம். அடுத்த முறை சைக்கிள் பாதை தேடும் ஒருவருக்கு நீங்கள் கொடுத்த தகவலின்படி வழி வரும். முடித்ததும் சேவ் செய்திடவும். சிறிது நேரத்தில் உலகம் முழுவதும் அது தெரியும். வரைபடத்தில் ஏறிய கோடு சட்டப்படியான நில ஆவணம் ஆகிவிடாது. ஆனால் இந்தத் தேதியில் இங்கே தண்ணீர் ஓடியது என்பதை யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவாக அது இருக்கும். யார் எப்போது அழித்தாலும் அந்த மாற்றமும் பதிவாகும்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: கூகுள் மேப்பையோ கூகுள் எர்த்தையோ பார்த்து ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரையக் கூடாது. காப்புரிமை பிரச்னை வரும். நேரில் பார்த்ததையும், எடிட் விண்டோவிலேயே தரப்படும் படத்தையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டு: நீங்கள் பதிவு செய்த ஜிபிஎக்ஸ் பைல் உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி அங்கேயே முடியும். அதை அப்படியே இண்டர்நெட்டில் போட்டால் முகவரியை எல்லோருக்கும் கொடுத்ததாகிவிடும். முதல் மற்றும் கடைசி அரைக் கிலோமீட்டரை வெட்டிவிட்டுப் பகிருங்கள். ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட ஓட்டப் பாதை வரைபடத்திலிருந்து ராணுவ முகாம்களின் உள் அமைப்பே தெரிந்துவிட்டது என்று 2018 ஜனவரியில் உலகமே பேசியது நினைவிருக்கலாம்.

மூன்று: கடலூர் சாலையில் பஸ்களும் லாரிகளும் வேகமாக வரும். அந்தப் பகுதியில் போனை ஹேண்டில் பாரில் வைத்துப் பார்த்துக் கொண்டே ஓட்ட வேண்டாம். அடுத்த திருப்பத்தை நின்று பார்த்து மனதில் வைத்துக் கொண்டு கிளம்புங்கள். மழை நாட்களில் ஆற்றின் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடினால் இறங்காமல் திரும்பிவிடுங்கள். பஞ்சர் ஒட்டும் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் கட்டாயம் வேண்டும்.

கோரிமேட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் இதே முறை பொருந்தும். பாகூர் ஏரிக்குப் பெண்ணையாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைத் தொடர்ந்து போகலாம். இன்னும் தூரம் போக விரும்புபவர்கள் சங்கராபரணியின் மேல்பகுதியில் இரண்டு கோடி வருடப் பழைய கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரைக்குப் போகலாம். உங்கள் ஊர் ஏரிக்கும் ஒரு வரத்து வாய்க்கால் நிச்சயம் இருக்கும். இந்த ஞாயிறு காலை அதன் ஓரமாகப் போய்ப் பார்த்து, மாலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதன் பெயரைத் தமிழில் டைப் செய்து சேவ் செய்திடுங்கள்.